முருகேசனுக்கு: அந்த நாலாவது கேள்வியைப் பற்றி

அன்பு முருகேசா,

உன் கடிதமும் அட்டவணையும் வந்து சேர்ந்தன. அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

உன் உடலுழைப்புக் கணக்கெடுப்பில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒன்றில் பெண்களில் பெரும்பாலோர் ‘போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள்’, மற்றதில் அப்படி யாருமே இல்லை, இது எப்படி என்று கேட்டிருந்தாய். ஊர் காரணமாக இருக்காது. கேள்வி கேட்ட ஆள் மாறியிருப்பார். முதலில் நாலாவது கேள்வியைப் பார்.

நீ பயன்படுத்தும், உலக சுகாதார நிறுவனத்தின் ஜிபேக் (GPAQ) என்ற உடலுழைப்புக் கேள்விப் படிவத்தில் வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் மூன்றுக்கும் சேர்த்து 15 கேள்விகள். 16-வது, உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு. மிதமான உழைப்புக்கும், ஓரிடத்துக்குப் போய்வர நடப்பதற்கும் சைக்கிளுக்கும் 4 மெட், கடும் உழைப்புக்கு 8 மெட் (மெட் என்பது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியைப்போல் எத்தனை மடங்கு என்ற அளவு). நிமிடங்களால் பெருக்கிக் கூட்டினால், ‘போதிய உடலுழைப்பு’ என்று சொல்ல வாரத்துக்கு 600 மெட்-நிமிடமாவது வரவேண்டும். வேலையில் மூச்சு சற்றே கூடும்படியான மிதமான உழைப்பு தொடர்ந்து 10 நிமிடமாவது உண்டா என்பதுதான் நாலாவது கேள்வி.

600 என்றால் பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் தினமும் அரைமணி நேரம் தண்ணீர் சுமக்கும் பெண்ணுக்கு 30 × 7 × 4 = 840. அந்த ஒரு வேலையிலேயே கோட்டைத் தாண்டிவிட்டாள். அவளிடமே “வேலைக்குப் போறீங்களாம்மா?” என்று ஆரம்பித்துப் பார், “இல்லப்பா, வீட்லதான் இருக்கேன்” என்பாள். களப்பணியாளர் ‘இல்லை’ என்று வட்டம் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார், 840 பூஜ்யமாகிவிடும். சம்பளம் இல்லாத வேலை, வீட்டு வேலை, படிப்பு, அறுவடை எல்லாமே இங்கே வேலைதான் என்று படிவத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. அவசரத்தில் விழுங்கப்படுவது அந்தப் பத்திதான். அதை ஒரு சொல் விடாமல் வாசிக்கச் சொல். எந்த வேலை எந்த வகை என்று படம் காட்டும் படஅட்டையை எதிரில் இருப்பவர் கையிலேயே கொடுக்கவேண்டும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. வீட்டு வேலை என்றாலே மிதமான உழைப்பு என்று எழுதிவிடுவார்கள். அடுப்படியில் நின்று சமைப்பது, காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாம் மிதமான உழைப்பு தொடங்கும் 3 மெட்டுக்குக் கீழே, சேர்க்கக்கூடாது. பீடி சுற்றுவதும் தீப்பெட்டி ஒட்டுவதும் அப்படியே, எத்தனை மணி நேரம் செய்தாலும் உட்கார்ந்த வேலை. குடம் சுமப்பது, துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பது சேரும். பயிற்சியின்போதே உன் வட்டாரத்து வேலைகளை எழுதி, எது எந்தப் பக்கம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பட்டியல் ஒன்று வைத்துக்கொள். ஆளுக்கொரு தீர்ப்பு கூடாது.

“காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வயல்லதான்” என்பவருக்கு எட்டு மணி நேரம் என்று எழுதிவிடாதே. டீ குடித்தது, சாப்பிட்டது, வரப்பில் நின்றது போக, குனிந்து களை வெட்டிய நேரம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்கவேண்டும். கேட்பது ஒரு நாளுக்கான நேரம். வாரக்கணக்கைச் சொன்னால் நாட்களால் பெருக்கும்போது ஊதிப்போகும். கணக்கெடுத்த மாதத்தையும் குறித்து வை. நடவு மாதமும் கோடையும் ஒன்றல்ல.

மணிக்கும் நிமிடத்துக்கும் தனித்தனிக் கட்டம் இருப்பதால், 30 நிமிடம் 30 மணியாக ஏறியிருக்கும். ஏதாவது ஒரு பிரிவில் நாளுக்கு 16 மணி நேரத்துக்கு மேல் வந்தாலோ, நாள் ‘0’ என்று போட்டு நேரம் எழுதியிருந்தாலோ அந்த நபரையே பகுப்பாய்விலிருந்து எடுத்துவிடு. கட்டத்தை மட்டும் காலியாக்கினால், உழைக்கும் ஆள் ‘போதாது’ பக்கம் விழுந்துவிடுவார். சராசரி வேண்டாம், இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) கொடு. பத்துப் பேர் விவசாயக் கூலிகள் இருந்தாலே சராசரி எங்கேயோ போய்விடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் 10 நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டார்களே என்று கேட்டிருந்தாய். உண்மைதான், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, எப்படிச் சேர்ந்தாலும் சரி. ஆனால் படிவத்தின் வாசகத்தை நீ மாற்றினால் பழைய கணக்கெடுப்போடு ஒப்பிடவே முடியாது. இருக்கட்டும். உடற்பயிற்சியை மட்டும் கேட்கும் குறும்படிவத்துக்கு மாறும் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடு. தமிழ்நாடும் சேர்ந்திருந்த, ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் என்ற நீரிழிவு ஆய்வில் (2014-ல் வெளிவந்தது) 54.4 சதவீதம் பேர் உழைப்பு குறைந்தவர்கள். ஓய்வுநேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ உள்ளவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. குறும்படிவம் ஊரையே சோம்பேறி என்று சொல்லிவிடும். அது அநியாயம்.

அசைவை அளக்கும் இடுப்புக் கருவியைக் கொஞ்சம் பேருக்குக் கட்டிப் பார்ப்பது நல்லதுதான். ஏழு நாள் கட்டி, நாளுக்கு 10 மணி நேரம் வீதம் நாலு நாளாவது தேறினால் எடுத்துக்கொள். தொடர்ந்து 60 நிமிடம் பூஜ்யம் என்றால் கழற்றி வைத்திருக்கிறார் என்று கொள். தலைச்சுமையின் பாரமும் சைக்கிள் மிதிப்பதும் அதற்குச் சரியாகத் தெரியாது. அமெரிக்காவில் 2003–04 கணக்கெடுப்பில் கருவிப்படி பரிந்துரையை எட்டிய பெரியவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. வாய்வழிக் கணக்கு அதைவிடப் பல மடங்கு. அதனால் இரண்டு எண்களையும் ஒரே அட்டவணையில் போடாதே.

இப்போதைக்கு ஒன்று செய். களப்பணியாளர் எண் வாரியாக, நாலாவது கேள்விக்கு ‘ஆம்’ எத்தனை சதவீதம் என்று எடு. யாருடையது மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறதோ, அவர் போன வீடுகளில் சிலவற்றுக்கு வேறொருவரை அனுப்பி மறுபடி கேட்கச் சொல். அந்த எண்களை மட்டும் எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சேகர்