'பேர் போடுதல்' அகராதியில் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வழக்குச் சொற்களை விக்சனரி என்னும் இணைய அகராதியில் சேர்க்க வலியுறுத்தித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரை கண்டேன். தனிச்சொல்லை மட்டும் ஏற்றினால் பாதி வேலைதான். 'பேர்' என்பதற்குப் 'பெயர்' என்று பொருள் எழுதிவிட்டால், தோட்டத்தில் 'பேர் போடுதல்' அன்றைய வேலைநாளைப் பதிவது என்பதையோ, கொழுந்தின் நிறை குறைந்தால் விழும் 'அரைப்பேர்' அரைநாள் சம்பளம் என்பதையோ வெளியார் ஊகிக்க முடியாது. எந்தச் சொல்லோடு எந்த வினை சேரும் என்பதும் அப்படித்தான்: கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரித்தல்) 'வெட்டுகிறார்கள்', கொழுந்து 'எடுக்கிறார்கள்'. ('கொய்கிறார்கள்' என எழுதுவோர் மலைக்கு வந்ததில்லை போலும்.)

சொற்களைக் கூட்டிப் பார்த்தும் பொருள் விளங்காத 'பேர் போடு' போன்றவற்றுக்குத் தனிப் பக்கம் தரலாம். 'கொழுந்து எடு' போன்றவை 'கொழுந்து' பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் இருந்தால் போதும். பிரட்டு, பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது) என இருவகையாக எழுதப்படுபவற்றுக்கு, ஒரு பக்கத்திலிருந்து மற்றதற்குத் தானாகக் கொண்டு செல்லும் வழிமாற்று வைக்க வேண்டும். இல்லையேல் ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கங்கள் முளைக்கும்.

வாசகர்,
ஹட்டன்.