எம்.எஸ். நோயாளியின் சோர்வு: ரத்தத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற, மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோய் பற்றி வந்த கட்டுரை, அந்நோயாளிகளை வாட்டும் சோர்வைப் பற்றி விரிவாகவே பேசியது. ஆனால் சோர்வு மொத்தத்தையும் நரம்பின் கணக்கில் எழுதிவிட்டது. ரத்தசோகை என்ற பேச்சே அதில் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அதனால் எனக்கு இது உறுத்துகிறது.

எம்.எஸ். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தலைகாட்டுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. அப்படியானால், நம் ஊரில் எம்.எஸ். மருந்து தொடங்கும் பெண்களில் பலருக்கு முதல் நாளிலேயே ஹீமோகுளோபின் 12-க்குக் கீழேதான் இருக்கும். அந்த முதல் நாள் அளவைக் குறித்து வைக்காவிட்டால், ஓராண்டு கழித்து முகம் வெளிறி நிற்கும்போது அது மருந்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

மருந்தாலும் வரும். எல்லா மருந்தாலும் ஒரே வழியில் வருவதில்லை என்பதுதான் சிக்கல். இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி போடுபவர்களுக்கு ரத்த அணுக்கள் லேசாகக் குறைவது சாதாரணம். அரிதாகச் சிலருக்கு நுண்ணிய ரத்த நாளங்களில் ரத்தம் உறைந்து, சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீரகமும் கெடும். ஊசி தொடங்கிய சில வாரங்களிலும் இது வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்தது. நம்மிடம் ஜெனரிக்காகவே கிடைக்கும் ஃபிங்கோலிமாட் மாத்திரையால், உடல் தன் சிவப்பணுக்களைத் தானே அழித்துக்கொண்ட நேர்வுகள் பதிவாகியுள்ளன. அலெம்டுசுமாப் மருந்திலும் இந்த ஆபத்து உண்டு. கடைசி ஊசிக்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற விதியே அதற்கு இருக்கிறது. நோய் திடீரென்று முற்றும்போது ஏற்றும் ஸ்டீராய்டுடன் வலி மாத்திரையும் சேர்ந்தால், இரைப்பையில் புண்ணாகி வெளியே தெரியாமல் ரத்தம் கசியலாம். இவை அத்தனைக்கும் முடிவில் தாளில் தெரிவது குறைந்த ஹீமோகுளோபின் என்ற ஒரே எண்தான்.

அந்தத் தாளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன். ஃபிங்கோலிமாட் எடுப்பவரின் அறிக்கை வந்தால் எல்லார் கண்ணும் லிம்போசைட் என்ற வெள்ளணு வகையின் வரிக்கே ஓடும். அது குறைவது அந்த மருந்தின் இயல்பு, எதிர்பார்த்ததுதான். அதே தாளில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கிறது. சிவப்பணுவின் சராசரி அளவு. அது சிறுத்திருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. பெருத்திருந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவாக இருக்கலாம். ரெட்டிகுலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் கேட்டு, அது ஏறியிருந்தால் அணுக்கள் எங்கோ உடைகின்றன அல்லது ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். அதற்கு மேல், உடலே தன் சிவப்பணுக்களைத் தாக்குகிறதா என்று காட்டும் கூம்ப்ஸ் பரிசோதனை இருக்கிறது. இவற்றில் எதுவும் அரிய பரிசோதனை அல்ல.

இதையெல்லாம் விட்டுவிட்டு, "ரத்தம் கம்மி" என்றதும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையை நீட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. மருந்துக்கடைக்காரரே கொடுத்துவிடுகிறார்! சிவப்பணு உடைவதால் வந்த சோகையில் இரும்பு பெரும்பாலும் உடலுக்குள்ளேயே தங்கிவிடும். மேலும் மேலும் இரும்பு விழுங்கிப் பயனில்லை. பி12 குறைந்தவருக்கோ இது ஆபத்தாகவே முடியலாம். ஃபோலிக் அமிலம் ஹீமோகுளோபினை உயர்த்திக் காட்டும், உள்ளே நரம்பு கெடுவது நிற்காது. கைகால் மரத்துப்போவதும் நடை தள்ளாடுவதும் பி12 குறைவிலும் வரும் என்பதால், எம்.எஸ். முற்றுகிறது என்றே குடும்பத்தினர் நினைத்துக்கொள்வார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் அவசரப்பட்டு மருந்தை நிறுத்திவிட வேண்டாம். ஃபிங்கோலிமாட்டை நிறுத்தியவர்களில் சிலருக்கு நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்புகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் எச்சரித்திருக்கிறது. எந்த மருந்தை மாற்றுவது, எப்போது மாற்றுவது என்பதை நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, மலம் கருத்தாலோ, மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சிரைத்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் அன்றே அவரிடம் சொல்லுங்கள்.

தங்கள் கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். இந்தியாவில் கிடைக்கும் எம்.எஸ். மருந்து ஒவ்வொன்றுக்கும் எந்த ரத்தப் பரிசோதனையை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று ஒரு பக்க அட்டவணையாகத் தந்தால், வாசகர்கள் அதை வெட்டி நோயாளியின் கோப்பில் வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்,
கும்பகோணம்.