எல்லா உலாவியிலும் இயங்கட்டும்

ஆசிரியருக்கு,

அரசு விண்ணப்பங்கள் இனி இணையவழியில் மட்டுமே பெறப்படும் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல முடிவுதான், ஆனால் அதற்கான இணையதளம் குரோம் அல்லாத உலாவிகளிலும் (பிரவுசர்) இயங்குமா என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஏற்காட்டில் வசிக்கும் நான், பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளமும், பயர்பாக்ஸ் உலாவியும் பயன்படுத்துகிறேன். அண்மையில் ஒரு சான்றிதழுக்காக எல்லா விவரங்களையும் நிரப்பிய பிறகு 'சமர்ப்பி' பொத்தான் வேலை செய்யவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கி, ஒரு பிரவுசிங் சென்டரில் குரோம் வழியே முயன்றபோது அதே படிவம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது (பேருந்துப் பயணத்துக்கு அரைநாள் போனது தனிக்கதை).

மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' (BOSS) இயங்குதளமும் லினக்ஸ்தான் என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். தளத்தைத் திறந்துவிடும் முன், லினக்ஸ் கணினியிலும் பயர்பாக்ஸிலும் ஒரு விண்ணப்பத்தையாவது முழுமையாக அனுப்பிச் சோதிப்பதை ஒப்பந்த நிபந்தனையாகவே சேர்க்கலாம்.

ஒரு வாசகர்,
ஏற்காடு.