பதினோரு நாள் பழசு

24.11.2024

அன்புள்ள மாப்பிள்ளை,

எட்டு மாதமாகப் பதில் போடாதவன் திடீரென்று எழுதினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பாய். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் காலேஜ் மிரர், டெபியன் லினக்ஸ் மென்பொருளின் நகலை வைத்திருக்கும் சர்வர், பதினோரு நாள் செத்துக் கிடந்தது. செத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கம் திறந்தது, கேட்டதெல்லாம் இறங்கியது. புதிதாக ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். தீபாவளி விடுமுறையில் நெட்வொர்க் ஆட்கள் ஃபயர்வாலை மாற்றி, ஆர்சிங்க் போய்வரும் 873-ஆம் போர்ட்டை மூடிவிட்டார்கள். தலைமை சர்வரிலிருந்து புதுக் கோப்புகளை இழுத்து வரும் அந்த ஆர்சிங்க் தினம் நான்கு முறை முட்டி முட்டித் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு முறையும், நேரத்துக்கு வேலையை ஓட்டும் கிரான் ஒழுங்காகப் புகார் மெயில் போட்டிருக்கிறது. யாருக்கு? நம் தாடிக்கு! அவன் படிப்பை முடித்துப் போய் மூன்று வருடம் ஆகிறது.

கெட்ட விஷயம் என்னவென்றால், பழசான மிரர் சத்தமே போடாது. பட்டியல்களுக்குத் தலையான ரிலீஸ் கோப்பில் டிஜிட்டல் கையெழுத்து இருப்பதால் எவனாவது கலப்படம் செய்தால், மென்பொருளை இறக்கி நிறுவும் ஏப்ட் பிடித்துவிடும். ஆனால் பழைய கோப்பின் கையெழுத்தும் சரியான கையெழுத்துதானே? டெபியனின் சோதனைப் பதிப்பான டெஸ்டிங்கில் அந்தக் கோப்புக்கு ஏழு நாள் கெடு போட்டிருப்பார்கள், அதனால் தப்பித்தோம். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, "சார், உங்க சர்வர் காலாவதி ஆயிடுச்சுன்னு வருது" என்றாள், மருந்துக்கடைக்காரரிடம் கேட்பது மாதிரி. கடைசியாகப் புதுப்பித்த தேதி இருக்கும் ட்ரேஸ் கோப்பைத் திறந்தேன். முதல் வரியில் அக்டோபர் 31.

அதன்பிறகு நான் செய்தது அதைவிட முட்டாள்தனம். போர்ட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு, பட்டப்பகல் பதினொன்றரை மணிக்கு, நீ ஹாஸ்டல் மொட்டைமாடியில் எழுதிய அந்த அமர காவியத்தை ஓடவிட்டேன். ஒரே வரி ஆர்சிங்க் கட்டளை, பழசை அழிக்கும் டிலீட்டோடு. "இதுக்கு மேல என்னடா வேணும்" என்றாயே! வேண்டியிருந்தது, மாப்பிள்ளை. ஆர்சிங்க் அகரவரிசையில் போகும். பட்டியல்கள் இருக்கும் டிஸ்ட்ஸ் முதலில், பேக்கேஜ்கள் இருக்கும் பூல் பின்னால். நவம்பர் 9-ல்தான் டெபியனின் புது வெளியீடு 12.8 வந்திருந்தது. புது விலைப்பட்டியலை மாட்டியாயிற்று, சரக்கு லாரி வந்து சேரவில்லை. கீழே லேபில் நாற்பது மெஷினில் புக்வார்ம், அதாவது டெபியன் 12, போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையாக 404, கோப்பு இல்லை என்று. சொந்த ஸ்கிரிப்ட் வேண்டாம், எங்கள் எஃப்டிபிசிங்க் ஸ்கிரிப்டைப் போடுங்கள் என்று டெபியன்காரர்கள் சொல்வது இதற்குத்தான். அது பேக்கேஜை முதலில் இறக்கி, பட்டியலை அப்புறம் மாற்றி, பழசைக் கடைசியில்தான் அழிக்கும். உன் காவியத்தைச் சகல மரியாதையோடு அடக்கம் செய்துவிட்டேன்.

மெஷினை ஒரே சாயங்காலத்தில் சரிசெய்துவிட்டேன். ஆட்களை என்ன செய்வது? காகிதத்தில் ஐந்து பொறுப்பாளர்கள். வாட்ஸாப்பில் "பார்த்தீங்களா" என்று கேட்டால் ஐந்து கட்டைவிரல் வரும். பார்த்தவர் யாருமில்லை, ஒவ்வொருவரும் மற்ற நால்வரை நம்பியிருக்கிறார்கள். சம்பளமில்லாத வேலை, அதட்டவும் முடியாது. பரீட்சை வந்தால் பையன்கள் காணாமல் போவார்கள், போகத்தான் வேண்டும். அதனால் இப்போது வாரத்துக்கு ஒருவர் முறை. திங்கள் காலை ட்ரேஸ் தேதியை அவர் கையால் அடித்துக் குழுவில் போட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது (போன வாரத்துப் படத்தையே ஒருவன் அனுப்பினான்). புகார் மெயில் இனி ஆளுக்குப் போகாது, பொது முகவரிக்குப் போகும். தேதி ஒரு நாள் பிந்தினால் கத்துவதற்கு வெளியே வேறொரு மெஷினும் வைத்திருக்கிறேன்.

நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்பாய். தீபாவளிக்கு மூன்றாம் நாள் நெஞ்சை அடைத்தது. ஆஞ்சியோ எடுத்தார்கள். ஸ்டென்ட் எதுவும் இல்லை, மாத்திரையோடு விட்டுவிட்டார்கள். போனில் சொன்னால் நீ கிளம்பி வந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை, திட்டாதே. அந்த மேசையில் படுத்திருக்கும்போது எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? சர்வரின் முழு அதிகாரமும் தரும் ரூட் பாஸ்வேர்ட் என் ஒருத்தனிடம்தான் இருக்கிறது என்பது. உன் தங்கச்சியிடம் இதைச் சொல்லிவிடாதே, இன்னொரு ஆஞ்சியோ எடுக்க வேண்டியிருக்கும்.

அதனால் அங்கிருந்தே சர்வருக்குள் நுழைய உன் எஸ்எஸ்ஹெச் பப்ளிக் கீயை உடனே அனுப்பு. ஆறாவது ஆள் நீ. ஆறு வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை, ஒரே ஒரு தேதி. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பாஸ்வேர்ட் இருக்கும் உறையை நேரில் தருகிறேன்.

தாடியைப் பார்த்தால் பழைய மெயிலைத் திறந்து பார்க்கச் சொல். நாற்பத்துநான்கு புகார் அவனுக்காகக் காத்திருக்கிறது.

உன்,
மொட்டை