டச் பே மணலை மணலாகவே விட்டு வையுங்கள்

திருகோணமலை நகரை நிர்வகிக்கும் சபையின் உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். டச் பே கடற்கரைக்காக முதலில் நன்றி, அப்புறம்தான் கோரிக்கை.

நான் தம்பலகாமத்தில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளைகளின் படிப்புக்காக டவுனுக்கு வந்து, ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். வளவும் இல்லை, முற்றமும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவர். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில், பகலெல்லாம் காய்ந்த கொங்கிறீற் கூரை நடுச்சாமத்திலும் ஆறாது.

“வயல்வெளியில் இருந்த உனக்கு இங்கே மூச்சு முட்டுமே” என்று கேட்பவர்களுக்கு என் பதில் பிடிப்பதில்லை. ஊரில் வெளி இருந்தது, எனக்கென்று இருக்கவில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். ஆனால் வரம்பில் ஒரு பெண் தனியாக நடந்தால், எதிரே வருகிற மாமா சைக்கிளை நிறுத்தி “எங்க பிள்ளை போறாய்?” என்பார். வயலுக்குச் சாப்பாடு கொண்டு போகலாம், மாடு தேடிப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். சும்மா போக முடியாது. பொழுதுபட்டால் யானைப் பயம் வேறு.

சும்மா இருக்க எனக்குக் கிடைத்த முதல் இடம் டச் பே கடற்கரைதான். பின்னேரங்களில் கோணேசர் கோயிலுக்கு வந்தவர்கள், கிண்ணியாப் பக்கத்துக் குடும்பங்கள், சிங்களக் குடும்பங்கள், ரியூசன் முடிந்த பிள்ளைகள் என்று எல்லாரும் ஒரே மணலில் இருக்கிறோம். ஏன் வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. டவுனுக்குள் திரியும் புள்ளிமான்கள் றோட்டைக் கடக்கும்போது ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்காமல் நின்று வழி விடுவார். வந்த மான் கச்சான் கடலைச் சுருளை மோந்து பார்த்துவிட்டு, யாரோ சோறு தின்று வீசிவிட்டுப் போன லஞ்ச் சீற்றை இழுத்துச் சப்பும். மூலையில் ஒட்டியிருக்கிற பருப்புக்காக! பிடுங்கப் போனால் அதையும் கவ்விக்கொண்டு ஓடிவிடும்.

இந்த வெளியை இதுவரை விட்டு வைத்ததற்குத்தான் நன்றி. நம் டவுன் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் துறைமுகமுமாக ஒடுங்கிக் கிடக்கிறது. வெறுமனே கிடக்கும் நிலம் இங்கே பலருடைய கண்ணை உறுத்தும். இன்று ஒரு கடை வரும், நாளைக்கு அதற்குக் கூரை, பிறகு வேலி. வேலி வந்தால் ரிக்கற்றும் வந்துவிடும். கச்சான்காரரைத் துரத்துங்கள் என்று சொல்லவில்லை. அவர் வண்டியில் விளக்கு எரிகிறபடியால்தான் இருட்டிய பிறகும் பெண்கள் பயமில்லாமல் இருக்கிறோம். நிரந்தரக் கட்டடம் வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

அழகுபடுத்தல் என்றதும் இன்டர்லொக் கல் பதிக்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். மாரி மழையை மணல் குடித்துவிடும். கல் அதை றோட்டுக்குத் தள்ளும். வெயிலில் காய்ந்த கல்லில் பின்னேரம் யார் போய் இருப்பது? எனக்கு என் வீட்டுக் கூரையே போதும்.

காசு இருந்தால் வேம்பும் பூவரசும் நடுங்கள். மான் வாய் வைக்க முடியாதபடி மூடியுள்ள குப்பைத் தொட்டிகள் வையுங்கள். பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும், அதுவும் ஆட்கள் வரத் தொடங்கும் நேரத்தில் பூட்டாத கழிப்பறை. ஐந்து மணிக்கு மேல் கைக்குழந்தையோடு வருகிற தாயிடம் கேட்டால் இதன் அருமையைச் சொல்லுவாள்.

இந்தக் கடற்கரைக்கு ஏதாவது திட்டம் போடுவதாக இருந்தால் எங்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். வேலைநாள் காலை பத்து மணிக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தால் நாங்கள் வர முடியாது. பின்னேரம் மணலிலேயே வையுங்கள். கதிரை தேவையில்லை.

இப்படிக்கு,
மேல்மாடியில் குடியிருக்கும் ஒரு தம்பலகாமத்துப் பெண்