விசா விண்ணப்ப ஆவணங்களின் நகல்களைக் கையாளும் முறை குறித்த புகார்

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
விசா விண்ணப்ப சேவை நிறுவனம்.

பொருள்: வசிப்பிட அனுமதி நீட்டிப்புக்காக அளிக்கப்பட்ட ஆவண நகல்கள் பாதுகாப்பின்றிக் கையாளப்படுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் பணி நிமித்தம் குடும்பத்துடன் அயல்நாட்டில் வசிப்பவன். எங்கள் வசிப்பிட அனுமதியை நீட்டிக்கக் கோரும் விண்ணப்பத்தை, குடிவரவுத் துறையின் சார்பில் விண்ணப்பங்களைப் பெறும் தங்கள் மையத்தில் அளித்திருந்தேன். அனுமதி கிடைத்துவிட்டது, கடவுச்சீட்டுகளும் பழுதின்றித் திரும்பி வந்துவிட்டன. ஆகவே தாமதம் பற்றியோ கட்டணம் பற்றியோ எனக்குக் குறை எதுவும் இல்லை. கடவுச்சீட்டுகளைப் பெற்றுக்கொண்ட அன்று என்னிடம் தரப்பட்ட ஒரு தாளைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அடுத்த முறை நீட்டிக்க வரும்போது கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலை அச்சிட்டு, முகப்பிலிருந்த ஊழியர் என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதைக் கோப்பில் வைக்கும்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். அது வேறொரு விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்கு அறிக்கையின் ஒரு பக்கம். அவருடைய முழுப் பெயர், முகவரி, கணக்கு எண், சம்பளம் வரவான நாள், வாடகையாகப் போன தொகை, ஒரு மருத்துவமனைக்கு இரண்டு தவணைகளில் செலுத்திய பணம் என எல்லாம் தெளிவாக அச்சாகியிருந்தன. முன்பின் அறியாத ஒருவரின் வீட்டு நிலவரம் எனக்குத் தெரிந்துவிட்டது. இனி அதைத் தெரியாததாக்கிக்கொள்ள என்னால் இயலாது.

அந்தத் தாளை நான் படம் எடுக்கவில்லை. அதிலிருந்த முகவரிக்கு எழுதவும் இல்லை. தன் கணக்கு எண்ணைச் சொல்லிக்கொண்டு அறிமுகமற்ற ஒருவன் தொடர்பு கொண்டால், அவர் என்னைத்தான் மோசடிக்காரன் என்று எண்ணுவார். அதை உறையிலிட்டு ஒட்டி இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். அவருக்குச் செய்தி சொல்ல வேண்டிய கடமை தங்களுடையது.

மறுநாளே மையத்துக்குச் சென்று விளக்கம் கேட்டேன். ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள்களைச் சேர்த்து வைத்து மறுபடி பயன்படுத்துவது வழக்கம் என்றும், காகிதம் வீணாகக் கூடாதல்லவா என்றும் ஊழியர் பதற்றமின்றிச் சொன்னார். காகிதச் சிக்கனத்தை நானும் மதிப்பவன்தான். ஆனால் கடவுச்சீட்டின் வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து எல்லாப் பக்கங்களையும் மூன்று படிகள் கேட்கும் தங்கள் பட்டியலிலிருந்தே அச்சிக்கனத்தைத் தொடங்கியிருக்கலாம்.

அந்த மூன்று படிகள் எங்கே போகின்றன என்பதே என் அடுத்த கேள்வியாக இருந்தது. ஒன்று குடிவரவுத் துறைக்குச் செல்கிறது, ஒன்று மையத்தில் இருக்கிறது என்ற அளவில் பதில் கிடைத்தது. மூன்றாவது படியைப் பற்றி மேலாளர் உட்பட எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தாங்கள் வெறும் இடைநிலையாளர் என்பதால் துறையைக் கேட்குமாறு மேலாளர் கூறினார். துறையின் தகவல் முகப்பிலோ, மையத்தில் தங்கிய நகல்களுக்கு மையமே பொறுப்பு என்றார்கள். வாங்குவதற்கு இருவரும் உரிமை உடையவர்கள், வைத்திருப்பதற்கு மட்டும் இருவரும் பொறுப்பில்லாதவர்கள் என்ற நிலையை எந்த விண்ணப்பதாரர் ஏற்பார்?

நாங்கள் ஒப்படைத்தவை சாதாரணத் தாள்கள் அல்ல. எங்கள் திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், ஆறு மாத வங்கி அறிக்கை ஆகிய அனைத்தும் ஒரே கோப்பில் இருந்தன. ஒருவருடைய பெயரில் கடன் வாங்கவோ கணக்குத் தொடங்கவோ எண்ணும் ஒருவன் பல இடங்களில் அலைந்து திரட்ட வேண்டியவற்றை, நாங்களே வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறோம். அந்தக் கையெழுத்தும் கோப்போடு சேர்ந்தே போகிறது.

கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் ஆவணம் வகுத்துள்ளபடி, அப்பக்கத்தின் அடியில் வரிக்கு 44 எழுத்துகளாக இரண்டு வரிகள் உள்ளன. பெயர், நாட்டுரிமை, பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், காலாவதி தேதி ஆகியவை அவற்றிலேயே அடங்கிவிடுகின்றன. மின்னணுச் சில்லு பொருத்திய பல கடவுச்சீட்டுகளில், அச்சில்லை வாசிப்பதற்கான அடிப்படைச் சாவியும் கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஆகிய இம்மூன்றிலிருந்தே உருவாக்கப்படுகிறது. அந்தப் பக்கத்தின் நகலைப் பின்பக்கம் எழுதும் தாளாகப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய அலட்சியம் என்பதை, அதே பக்கத்தை அன்றாடம் கையாளும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பம் அளித்த அன்று இன்னொன்றையும் கண்டேன். என் மனைவியின் புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர் என்ற அளவில் சற்றே பிசகியிருந்ததால் திருப்பப்பட்டது. அதில் தவறில்லை, விதி விதிதான். ஆனால் திருப்பப்பட்ட படம் எங்கள் கைக்கு வரவில்லை. எழுத்துப்பிழைக்காக மாற்றச் சொன்ன விண்ணப்பப் படிவத்தோடு சேர்ந்து, அது மேசைக்கு அடியிலிருந்த குப்பைக்கூடைக்குப் போயிற்று. மில்லிமீட்டர் அளவில் கண்டிப்பாக இருக்கத் தெரிந்த முகப்புக்கு, நிராகரித்த தாளில் பிறந்த தேதியும் தாயின் பெயரும் இருப்பது கண்ணில் படவில்லை. அங்குள்ள ஒளிநகல் இயந்திரத்தைப் பற்றியும் கேட்க விரும்புகிறேன். அத்தகைய அலுவலக இயந்திரங்கள் பலவற்றில் வன்தட்டு உண்டு. நகலெடுத்த பக்கங்களின் படிமங்கள் அதில் தங்கக்கூடும். இயந்திரத்தை மாற்றும்போதோ வாடகைக்குத் தந்தவரிடம் திருப்பும்போதோ அந்த வன்தட்டை அழிப்பவர் யார்?

விண்ணப்பத்தோடு நான் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில், தரவுகள் 'தேவைப்படும் காலம் வரை' வைத்திருக்கப்படும் என்று இருக்கிறது. தேவை யாருடையது, காலம் எவ்வளவு என்று அதில் இல்லை. இதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியாது என்று தாங்கள் கூற இயலாது. பொது விசா வழங்கும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் விசா விண்ணப்பங்களைப் பெறும் வெளி நிறுவனங்களுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பும் அதன் 2019ஆம் ஆண்டுத் திருத்தமும் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: தரவுகளைத் தூதரகத்துக்கு அனுப்பிய ஏழு நாட்களுக்குள் நிறுவனம் அவற்றை அழித்துவிட வேண்டும், பெயரும் தொடர்பு விவரமும் கடவுச்சீட்டு எண்ணும் மட்டும் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கும் வரை இருக்கலாம், அதன்பின் ஐந்து நாட்களில் அவையும் அழிக்கப்பட வேண்டும். அவ்விதி என் விண்ணப்பத்துக்குப் பொருந்தாது என்பதை அறிவேன். ஆயினும் இதே தொழிலைச் செய்யும் நிறுவனங்களால் நாள் கணக்கில் செய்ய முடிகிற ஒன்றுக்குத் தங்கள் படிவத்தில் ஓர் எண்கூட இல்லாதது ஏன் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

அழிப்பது என்றால் கிழித்துப் போடுவதும் ஆகாது. 12 மில்லிமீட்டர் அகல நாடாக்களாக நறுக்கிய தாளைப் பொறுமையுள்ளவர் ஒட்டிப் படித்துவிடலாம். காகித அழிப்புக்கான ஜெர்மானியத் தரமான டிஐஎன் 66399, நான்காம் பாதுகாப்பு நிலையில் ஒரு துண்டின் பரப்பு 160 சதுர மில்லிமீட்டரை மீறக் கூடாது என்கிறது. அந்த நிலையிலான இயந்திரம் ஓர் அலுவலகத்தால் வாங்க இயலாத பொருள் அன்று.

ஆகவே என் குடும்பத்தினர் மூவரின் நகல்களும் மின்னணுப் பிரதிகளும் இப்போது எங்கெங்கே, யார் பொறுப்பில் உள்ளன என்பதை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கோருகிறேன். துறைக்குச் சென்ற படியைத் திருப்பித் தருவது தங்கள் கையில் இல்லை என்பதை ஏற்கிறேன். மையத்தில் எஞ்சியவற்றை என் முன்னிலையில் அழிக்க வேண்டும், அல்லது என்னிடமே ஒப்படைக்க வேண்டும். பதிவான எங்கள் கைரேகைகள் துறைக்கு அனுப்பப்பட்டபின் தங்கள் கணினிகளில் தங்கியுள்ளனவா என்பதற்கு ஆம், இல்லை என்ற நேரான பதில் வேண்டும். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஒருபக்கத் தாள்களை மறுபடி பயன்படுத்தும் வழக்கம் உடனே நிறுத்தப்பட வேண்டும். முகப்பில் இப்போது அடுக்கி வைத்திருக்கும் கட்டு முழுவதையும் எடுத்துப் பார்த்து, அதில் யார் யாருடைய ஆவணங்கள் இருந்தன என்று கணக்கெடுத்து, உரியவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

முகப்பிலிருந்த ஊழியர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரிடம் அந்தக் கட்டைக் கொடுத்தவர்களும், வேறு வழி சொல்லித் தராதவர்களுமே இதற்குப் பொறுப்பு.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வராவிடில், இதன் நகலையும் தங்கள் மையத்தில் நடந்த உரையாடலின் விவரத்தையும் குடிவரவுத் துறைக்கும் தரவுப் பாதுகாப்புக்கான அரசு அமைப்புக்கும் அனுப்புவேன். பதிலைத் தபாலில் மட்டும் அனுப்புங்கள். அச்சிடும் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர்.

இணைப்பு: ஒட்டப்பட்ட உறை ஒன்று (பிற விண்ணப்பதாரரின் வங்கி அறிக்கைப் பக்கம்).