நாற்றைப் பிடிப்பவர் யார்?

நீடாமங்கலம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய மூன்று படிப்புகளின் பாடத்திட்டங்களையும் கடைத்தெருவில் அச்செடுத்து வந்து, இரண்டு நாட்களாகச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்தேன். மென்பொருள் சோதனை வேலையில் ஆறு வருடங்கள் இருந்த பிறகு இணையவழிப் பாடங்களை உருவாக்கும் துறைக்கு மாற விரும்புவதாகவும், அதற்கு எந்த முதுநிலைப் பட்டம் பொருந்தும் என்றும் கேட்டிருந்தாய். "இவருக்கு இதில் என்ன தெரியும்?" என்று உன் அம்மா சிரித்தாள். கணினி தெரியாதுதான், ஆனால் வேளாண் உதவி அலுவலராக, வளர்ந்த மனிதர்களுக்கு 28 வருடங்கள் பாடம் சொல்லித்தானே உன்னைப் படிக்க வைத்தேன்.

திருந்திய நெல் சாகுபடி நம் பக்கம் புதிதாக வந்த சமயம், பள்ளிக்கூடக் கூடத்தில் நாற்பது விவசாயிகளை உட்கார வைத்துத் திரையில் படம் காட்டி விளக்கினேன். ஏக்கருக்கு மூன்று கிலோவுக்கு மேல் விதை வேண்டாம், 14 நாள் நாற்று போதும், குத்துக்கு ஒரே நாற்று, வரிசைக்கு வரிசையும் குத்துக்குக் குத்தும் 22.5 சென்டிமீட்டர் என்று சொல்லச் சொல்ல எல்லாரும் தலையாட்டினார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார்கள். பத்து நாள் கழித்து வயலுக்குப் போனால் பழையபடியே கொத்துக் கொத்தாக நட்டிருந்தது. நடவில் நின்ற ஓர் அம்மாள் நிமிர்ந்து, "வகுப்புல உக்காந்தது மிராசுதாரு சார், நாத்தப் புடிக்கிறது நாங்க. எங்ககிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை கூடத்தையும் திரையையும் விட்டுவிட்டு, 22.5 சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிந்த கயிற்றோடு சேற்றில் இறங்கினேன். இரண்டாவது வரிசை முடிவதற்குள் அவர்கள் கை என்னைவிட வேகமாகப் போயிற்று.

நீ அனுப்பிய தாள்களில் 'கற்பவர் பகுப்பாய்வு', அதாவது பாடம் யாருக்கு என்று முதலில் ஆராய்வது, என்ற பாடத்தைப் பார்த்ததும் அந்த அம்மாளின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. பயிற்சியின் பயனை நான்கு படிகளாக அளக்க வேண்டும் என்று கிர்க்பாட்ரிக் என்பவர் 1959லேயே எழுதியிருக்கிறார்: கேட்டவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் மாறினாரா, அதனால் விளைந்தது என்ன. நான் முதல் படியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன். ஆகவே எந்தப் பட்டமானாலும், யாருக்குப் பாடம் என்று கண்டறியவும், பாடத்தைச் செய்து உண்மையான கற்பவரிடம் கொடுத்து அது தோற்கும் இடத்தைப் பார்க்கவும், திருத்தி மறுபடி கொடுக்கவும் அது உன்னை வற்புறுத்துகிறதா என்பதையே நான் முதலில் தேடினேன்.

அந்தக் கண்ணோடு பார்த்தால், முதல் தாளில் உள்ள எம்.எட். உனக்கு ஒத்துவராது, அதற்கு பி.எட். முடித்திருக்க வேண்டும், முடித்தாலும் அது ஆசிரியர்களை உருவாக்கும் வழிக்குத்தான் கொண்டுபோகும். இரண்டாவதாக உள்ள இணையவழிப் பட்டத்தில் பாதிக்கு மேல் ஸ்டோரிலைன், கேப்டிவேட் போன்ற, பாடம் தயாரிக்கும் மென்பொருள்களை இயக்கும் பயிற்சிதான்; உனக்கிருக்கும் பழக்கத்துக்கு அவற்றைச் சில வார இறுதிகளில் நீயே கற்றுக்கொள்வாய். அதில்தான் சேருவேன் என்றால், அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அனுமதி உண்டா என்பதை அவர்கள் விளம்பரத்தில் பார்க்காமல் யுஜிசியின் பட்டியலிலேயே பார்த்துவிடு. மூன்றாவது, அமெரிக்காவில் உள்ள இண்டியானா பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் அமைப்புத் தொழில்நுட்பம், பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அது வீட்டை அடமானம் வைக்கச் சொல்லும் படிப்பு. மனம் உறுதியானால் வைப்போம், உறுதியாவதற்கு முன்பு வேண்டாம். மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலும், நமக்குப் பக்கத்தில் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் கல்வித் தொழில்நுட்பத்துக்கென்றே துறைகள் இருக்கின்றன. அவற்றை நீ ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று தெரியவில்லை. ஐஐடி பம்பாயில் 2010 முதல் இதில் முனைவர் பட்டம் உண்டு என்றாலும், அது ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்களுக்கு.

விண்ணப்பம் போடும் முன் ஒரு காரியம் செய். இணையவழிப் பாடங்களை நடத்த 2002 முதல் இலவசமாகக் கிடைக்கும் மூடில் மென்பொருளை உன் மடிக்கணினியில் நிறுவி, இருபது நிமிடப் பாடம் ஒன்றை நீயே உருவாக்கு. ஒரு நிறுவனத்தில் செய்த பாடம் இன்னொரு நிறுவனத்தின் தளத்திலும் ஓடுவதற்கு ஸ்கார்ம் என்ற பொது வடிவம் இருக்கிறது என்று நீதானே சென்ற பொங்கலுக்குத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கினாய்? உன் பாடத்தை அந்த வடிவத்தில் கட்டி மூடிலில் ஏற்றிப்பார். சேர்க்கைக்கு மாதிரி வேலை கேட்கும் இடங்களில் அது உதவும், கேட்காவிட்டாலும் இந்த வேலை உனக்குப் பிடிக்கிறதா என்பது உனக்கே தெரிந்துவிடும். இப்போதிருக்கும் வேலையை அதுவரை விடாதே. சோதனை செய்பவருக்குப் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று தேடும் கண் இருக்கும். விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் முதலிலேயே எழுது.

ஆடிப்பெருக்குக்கு வரும்போது அந்தப் பாடத்தையும் கொண்டு வா. நெல் வரிசைகளுக்கு நடுவே தள்ளிக் களையெடுக்கும் கோனோ வீடர் கருவியை ஓட்டுவதைப் பற்றியதாக இருந்தால் நல்லது, நம் நடவு ஆட்களில் நான்கு பேரிடமாவது இப்போது கைபேசி இருக்கிறது. அவர்கள் பார்க்கும்போது நீ வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது மட்டும் உன்னால் முடியுமா என்று உன் அம்மா சந்தேகப்படுகிறாள்.

அன்புடன்,
அப்பா